வடிவு மதினியின் பிள்ளை

மே 28

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் முடிந்து இப்போதுதான் கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். கவுன்சலர் பெண் என்னைவிடச் சின்னவள். "மனசுல ஓடுறதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்கக்கா. யார்கிட்டயும் காட்ட வேண்டாம்" என்றாள். காட்ட வேண்டாம் என்றால் எதற்கு எழுதணும் என்று கேட்டேன். சிரித்தாள்.

நோட்டு வாங்கவில்லை. நயினார் அண்ணன் தன் ஹார்டுவேர் கடை பெயர் போட்டுக் கொடுத்த போன வருஷ டைரி சும்மாதான் கிடந்தது. மேலே துத்தநாகத் தகடு விளம்பரம், கீழே என் மனசு.

முதல் நாள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சீனிராஜ், மின்வாரியத்தில் வயர்மேன். அவருடைய அக்கா சங்கரவடிவு, எனக்கு மதினி. சங்கரன்கோவிலில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தொன்று. பத்து வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் பிள்ளையும் போய், உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். மதினியும் அவர் வீட்டுக்காரர் நயினார் அண்ணனும் சேர்ந்து உண்டாக்கிய கரு இரண்டு ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருக்கிறது. அதை நான் சுமக்கப் போகிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு வயதில் தர்ஷிகா இருக்கிறாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். உடம்பு திடமாக இருக்கிறது. அவ்வளவுதான் மனசில் ஓடுகிறது.

ஜூன் 14

கோர்ட். பிறக்கிற பிள்ளை மதினிக்கும் அண்ணனுக்கும்தான் என்று மாஜிஸ்திரேட் முன்னாலேயே உத்தரவு போட வேண்டுமாம். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

"இல்லம்மா."

"காசு, நகை, நிலம்னு ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"என்னால முடியும்மா. அதான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். ஒரு இறக்கை வளைந்திருந்தது.

வெளியே வந்ததும் மதினி என் பெயரை உத்தரவில் சரிபார்த்தார். "செண்பகவல்லிக்கு ஒரு 'ல்' விட்டுருக்கான்" என்று திரும்ப உள்ளே போனார். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒரு 'ல்'லுக்கு!

ஜூலை 2

முதல் கருவை வைத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை. ஸ்கூட்டர் பஞ்சர் ஒட்டக்கூட அதைவிட நேரமாகும்.

ஜூலை 16

நிற்கவில்லை.

மதினி போனில் "சரி, நீ சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "சரி" என்றார். "சரி" என்றேன். இப்படியே ஏழெட்டு சரி சொன்னோம்.

ஜூலை 17

சீனி, "இன்னொண்ணுதான் இருக்கு. உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். நான் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன். "தேங்காய் எடுத்து உடைங்க" என்றேன். உடைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 20

இரண்டாவதும் வைத்தாயிற்று. கடைசி.

செப்டம்பர் 3

நின்றுவிட்டது!

ரிசல்ட் தாளை மதினி கையில் கொடுத்தேன். பரீட்சைப் பேப்பர் மாதிரி மேலிருந்து கீழே படித்தார். பெயர், வயது, தேதி, நம்பர். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நயினார் அண்ணன் "எல்லாருக்கும் ஜூஸ் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, தானே ஆறு ஜூஸ் வாங்கி வந்தார். நாங்கள் நாலு பேர். மீதி இரண்டையும் அவரே குடித்தார்.

அக்டோபர் 9

வாந்தி. தர்ஷிகா வயிற்றில் இருந்தபோது வெங்காயம் ஆகவில்லை. இப்போது காபி ஆகவில்லை. வெங்காயத்தைப் பச்சையாகக் கடிக்கலாம் போல இருக்கிறது. மதினியிடம் சொன்னேன். "எனக்கும் அப்ப காபிதான் ஆகல" என்றார்.

பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மைதானத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, விசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஒரு அக்கா என் விசில் சத்தத்தில் பயந்து வேப்பமரத்தில் போய் நின்றார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கம்பக்கத்தில் "ரெண்டாவதா?" என்று கேட்கிறார்கள். "எங்க மதினிக்கு" என்கிறேன். புரியாமல் தலையாட்டிவிட்டுப் போய், புரிந்ததும் திரும்பி வந்து கேட்கிறார்கள். ஒருத்தி "வாடகைத் தாயா?" என்றாள். "வாடகையெல்லாம் இல்லக்கா, சொந்தக்காரங்க வந்து தங்கியிருக்காங்க" என்றேன்.

நவம்பர் 20

காலையில் பாத்ரூமில் ரத்தம். கொஞ்சம்தான்.

சீனி மின்கம்பத்தில் இருந்தார். போனை எடுக்கவில்லை. மதினிக்கு அடித்தேன். வகுப்பில் இருந்தவர் அப்படியே சாக்பீஸ் கையோடு கார் பிடித்து வந்துவிட்டார். திருநெல்வேலி போகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். என் கையெல்லாம் வெள்ளை.

ஸ்கேனில் இதயம் துடித்தது. டாக்டர் "நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழ இருக்கு, ஏறிரும். ரெண்டு வாரம் படுத்தே இருங்க" என்றார்.

மதினி நீண்ட லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து இருக்கப் போகிறாராம். நான் "எதுக்கு மதினி சிரமம்" என்றேன். அவர் பார்த்த பார்வையில், 'சிரமம்' என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் இனி வேலையில்லை என்று தெரிந்தது.

நவம்பர் 24

சமையல் கட்டில் அட்டவணை ஒட்டியாகிவிட்டது. 7.00 பால். 8.15 இட்லி நான்கு. 10.30 மாதுளை. மதியத்துக்கு நேரே "கீரை (வாதம் கூடாது)" என்று எழுதியிருக்கிறது. முதலில் உடம்பு வாதம் என்று நினைத்தேன். நான் வாதாடக் கூடாது என்று அர்த்தமாம்.

என்னுடைய டைரி அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் இருக்கும். இன்று பேனா இடம் மாறியிருந்தது. தர்ஷிகாவாக இருக்கலாம். மதினியாகவும் இருக்கலாம். மதினி, நீங்கள்தான் என்றால்: இட்லி மூன்று போதும்.

நவம்பர் 25

இட்லி மூன்று வந்தது.

டிசம்பர் 9

இன்று படுக்கையிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பாடா.

ராத்திரி சாப்பாட்டில் தர்ஷிகா பெரிய கேள்வி ஒன்று போட்டாள். "அம்மா வயித்துல இருந்து வந்தா தம்பி. ஆனா அது அத்தையோட பிள்ளை. அத்தை பிள்ளைன்னா அத்தை மவன். அப்ப எனக்குத் தம்பியா, முறைப்பையனா?"

சீனி "சாப்பிடும்போது பேசாத" என்றார். அவர் சொந்தக் கிராமத்தில் இதை வைத்து ஏற்கெனவே ரெண்டு கட்சி பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

மதினி ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "நீ தம்பின்னா தம்பி, தங்கச்சின்னா தங்கச்சி. ஒரே வயித்துல கிடந்தது. நாளைக்கு எவளாவது முறை, கல்யாணம்னு பேச்செடுத்துக்கிட்டு வந்தா, அவ வாயிலயே போடுவேன்."

தர்ஷிகா "தங்கச்சின்னா பென்சில் பாக்ஸ் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். தீர்ப்பு முடிந்தது.

டிசம்பர் 27

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மதினி கோவிலுக்குப் போயிருந்தார். நான் மைதானத்துக்குப் போனேன். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். எட்டு போட வரவில்லை, அழுதுகொண்டிருந்தாள். ஒரே ஒரு ரவுண்டு பின்னால் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான். அந்த ஒரு ரவுண்டில் மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "என் பிள்ளையை வயித்துல வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் ஆடுத? அது உன் பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வியா?"

நானும் விடவில்லை. "தர்ஷிகா வயித்துல இருக்கும்போது எட்டு மாசம் வரைக்கும் வண்டி ஓட்டினேன். இவ்வளவு பயமா இருந்தா இறக்கி வச்சிட்டுப் போறேன், நீங்களே எடுத்து வச்சுக்கிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. நாக்கை வெட்டிப் போடலாம். மதினி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். எனக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 28

மதினி பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 29

இன்றும் உப்பு இல்லை. சீனி சொல்லப் போனார். மேசைக்கடியில் காலை மிதித்தேன்.

டிசம்பர் 30

சாயங்காலம் மதினி குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "கிளம்பு."

"எங்க?"

"மைதானத்துக்கு. நீ சேர்ல உக்காந்து சொல்லிக் குடு. நான் பக்கத்துல உக்காருதேன். வண்டில ஏறினா மட்டும் காலை ஒடிச்சிருவேன்."

போனோம். மதினி என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, ஓட்டுகிற பெண்களுக்கு எட்டு போடுவது எப்படி என்று ஆரம், விட்டம் எல்லாம் சொல்லிப் பாடம் எடுத்தார். எல்லோரும் கீழே விழுந்தார்கள்.

வரும்போது "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "நானும்தான் சொன்னேன். விடு" என்றார்.

பிப்ரவரி 11

மதினியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் பார்க்க வந்தார். என்னைக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு மதினியிடம் குசுகுசு. ஜன்னல் திறந்துதான் இருந்தது. "வடிவு, நீயும் வயித்துல துணி சுத்திக்கிட்டு ரெண்டு மாசம் நடந்திரு. பிள்ளை நாளைக்கு வளர்ந்து யார் வாயிலயும் கேட்க வேண்டாம்லா?"

"எதுக்கு? என் பிள்ளைகிட்ட நானே சொல்லுவேன். உன்னை உங்க அத்தைதான் சுமந்தா, நான் பக்கத்துல உக்காந்து மாதுளை உரிச்சேன்னு."

அந்த டீச்சர் காபி குடிக்காமல் போய்விட்டார். நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மதினி மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். நல்ல இனிப்பு.

மார்ச் 10

வளைகாப்பு.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். மதினி கேட்கவில்லை. பத்துப் பேர், ஐந்து வகை சாதம். யார் முதலில் வளையல் போடுவது என்று கூடத்தில் பேச்சு வந்தது. என் அம்மா வழக்கம்போல "சுமங்கலி, பிள்ளை பெத்தவங்க யாராவது..." என்று ஆரம்பித்தாள்.

"வடிவு மதினி போடட்டும்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மதினி போட்டார். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. போடும்போது ஒரு வளையல் உடைந்தது. கூட்டத்தில் ஒருத்தி "அச்சச்சோ" என்றாள். "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்" என்றேன்.

இனி எழுதுவதை எழுதாமல் இருந்தால் இந்த டைரிக்கு அர்த்தமில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தர்ஷிகா வயிற்றில் இருந்தபோது எனக்கு வளைகாப்பு. மதினிக்குப் பிள்ளை போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மா சீனியிடம் "உங்க அக்காவை வர வேண்டாம்னு சொல்லிருங்க மாப்பிள" என்றாள். சீனி என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை, "வரட்டும்" என்று சொல்லியிருந்தால் போதும். எனக்குப் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். சீனி வெளியே போய்ப் போன் பண்ணினார்.

இன்று எல்லாரும் போனபின் மதினியிடம் சொன்னேன். அம்மா மேல் போட்டுவிடாமல், என் வாயால் சொன்னேன். மதினி தரையில் கிடந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "உங்க ஊர் ஸ்டாண்டுல பஸ் வந்து நிக்கும்போதுதான் தம்பி போன் வந்தது. இறங்கி அந்தப் பக்கம் போய் ரிட்டர்ன் பஸ் ஏறினேன்."

"அப்புறம் எப்படி மதினி எங்க வீட்டுக்கெல்லாம் வந்தீங்க? தர்ஷிகாவைத் தூக்கினீங்க?"

"ஒரு வருஷம் வரலையே. நீ கவனிக்கலயா?"

கவனிக்கவில்லை. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்காகத்தான் சரின்னியா?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல அதுக்காகத்தான்."

"இப்ப?"

"இப்ப மாதுளைக்காக."

மதினி சிரித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மீதித் துண்டுகளைப் பொறுக்கினேன். குனிய முடியவில்லை. காலால் ஒதுக்கினேன்.

ஏப்ரல் 23

பையன். 2 கிலோ 900. ஆபரேஷன்தான். மதினியைத் தியேட்டருக்குள் விட்டார்கள். பச்சை கவுன், தலையில் தொப்பி. என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் நர்ஸ் பிள்ளையைத் தூக்கி வந்து "யார்கிட்ட?" என்று கேட்டாள்.

"அவங்ககிட்ட" என்றேன். சீக்கிரம் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

இதைச் சீனிதான் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்லை.

ஏப்ரல் 28

அவர்கள் சங்கரன்கோவில் கிளம்பினார்கள். நாங்கள் கோவில்பட்டி வந்தோம். ஒரே ஆஸ்பத்திரி வாசலில் ரெண்டு கார். நயினார் அண்ணன் சந்தோஷத்தில் எங்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர்தான் இறக்கிவிட்டார்.

ஏப்ரல் 30

பால் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு நாள் வலிக்கும் என்றார் டாக்டர்.

மே 3

வலி இருக்கிறது. தையல் பரவாயில்லை. தர்ஷிகாவுக்குப் பாவாடை ஓரம் அடித்தேன். சீனி வைத்த ரசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். இனி தினமும் வைப்பார்.

மே 6

மதினி போன் பண்ணவில்லை. முதல் பிள்ளை, நேரம் இருக்காது. நான் பண்ணவில்லை. தூங்குகிற நேரமாக இருந்தால் தொந்தரவு.

மே 9

சீனி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நல்லா இருக்கானாம். "அக்கா உன்னைக் கேட்டாளே" என்றார். என்ன கேட்டாங்க என்றேன். "நல்லா இருக்கியான்னு." வேற? "வேற ஒண்ணுமில்ல." பையில் சட்டை வைத்திருந்தார், பிள்ளையைத் தூக்கின சட்டை. துவைக்கப் போட்டேன். உடனே போடவில்லை. சாயங்காலம் போட்டேன்.

மே 12

மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன். நாலே கால் மணிக்குப் போன். மதினி. இரண்டு வாரத்தில் முதல் தடவை.

"செண்பகம், இவனுக்கு விக்கல் எடுக்கு. நிக்கவே மாட்டேங்குது. நேத்தும் எடுத்தது. பால் குடுத்துப் பாத்தாச்சு, முதுகைத் தட்டிப் பாத்தாச்சு. டாக்டர் போனை எடுக்கல. உங்க அண்ணன் கடையில இருக்காக. நான் என்ன செய்ய?" குரலில் டீச்சரே இல்லை.

"மணி நாலு ஆனா வரும் மதினி" என்றேன். தூக்கக் கலக்கம், வந்துவிட்டது. "ஒண்ணும் செய்யாதீங்க. தோள்ல போட்டுக்கிட்டு எண்ணுங்க. இருநூறு தாண்ட மாட்டான்."

மதினி எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன். நூற்று எழுபத்து நாலில் நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"வயித்துல இருக்கும்போதே எடுக்குமா?"

"ஏழாம் மாசத்துல இருந்து. தினமும் நாலு மணிக்கு."

"நான் பக்கத்துலயே தானே இருந்தேன். ஏன் சொல்லல?"

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்கல்லா மதினி. அதான்."

உண்மைதான். இந்த டைரியிலும் எழுதவில்லை. இட்லியை எழுதினேன், உப்பை எழுதினேன். அவன் முதல் முதலாக அசைந்த நாளை எழுதவில்லை. மதினி வாசித்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தனக்குக் கிடைக்காததை நான் தேதி போட்டு எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால்.

மதினி மூக்கை உறிஞ்சினார். "இரு, பேப்பர் எடுத்துக்கிடுதேன். வேற என்னல்லாம் தெரியும்? எல்லாத்தையும் சொல்லு."

சொன்னேன். மிக்சி ஓடினால் திடுக்கிடுவான், குக்கருக்கு அசைய மாட்டான். நான் இடது பக்கம் படுத்தால் பிடிக்காது, உதைப்பான். தர்ஷிகா வாய்ப்பாடு சொன்னால் அமைதியாகிவிடுவான், ஆறாம் வாய்ப்பாடு தாண்டினால் தூங்கிவிடுவான். பஸ்ஸில் போனால் தூக்கம், நின்றால் முழிப்பு. காலையில் முதல் உதை எப்போதும் வலது பக்கம்தான். மதினி ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுத் திரும்பப் படித்துச் சரிபார்த்தார். பதினேழு வந்தது. நடுவில் ஒருமுறை அவர் அழுதார், ஒருமுறை நான். மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான்.

"நாளைக்கு வா" என்றார் மதினி. "நான் பயந்துதான் போன் பண்ணல. உன் குரலைக் கேட்டு அவன் உன்கிட்டயே தாவிருவானோன்னு. இப்ப போனை அவன் காதுகிட்டதான் வச்சிருக்கேன். கேட்டுக்கிட்டே தூங்கிட்டான். தூங்கத்தானே செய்தான். நீ வா."

காலை எட்டரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். தர்ஷிகா பென்சில் பாக்ஸைப் பையில் வைத்துவிட்டாள்.

பதினெட்டாவது ஒன்று இருந்தது. அதை மட்டும் மதினியிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.